பிள்ளைக்குக் காதுக்குத்து: உடனே அன்ரிபயோட்டிக்கா, இரண்டு நாள் பொறுப்பதா?

காதுக்குத்து, அதாவது காதுவலி, பெரும்பாலும் இரவில்தான் கூடும். படுக்கும்போது நடுச்செவியில் அழுத்தம் ஏறுவதால், பகல் முழுக்க மூக்கொழுகலோடு ஓடியாடித் திரிந்த பிள்ளை நடுச்சாமத்தில் காதைப் பொத்திக்கொண்டு எழும்பி அழும். அந்த நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடு என்பார் அம்மம்மா. போன முறை வாங்கிய அன்ரிபயோட்டிக் பாணி மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது, அதைக் கொடுப்போம் என்பார் ஒருவர். விடியட்டும், பாமசியில் கேட்டு வாங்கலாம் என்பார் இன்னொருவர். இப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று தாய் நிற்பாள்.

எது சரி என்பது பிள்ளையின் வயதையும், ஒரு காதா இரண்டு காதுமா என்பதையும், சீழ் வடிகிறதா என்பதையும், காய்ச்சலையும் பொறுத்தது. திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: வீடு எங்கே இருக்கிறது என்பது. நகருக்குள் உவர்மலையில் இருக்கும் குடும்பமும் தொலைவில் வெருகலில் இருக்கும் குடும்பமும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது கடந்த, வேறு நோயில்லாத பிள்ளைக்கு ஒரு காதில் மட்டும் வலி என்றால், அன்றிரவே வலியைக் குறைத்து, வைத்தியரிடம் காதைக் காட்டி, அன்ரிபயோட்டிக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வலி காதின் எந்தப் பகுதியில்?

மருந்தை ஒப்பிடும் முன் நோயைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் காதுவலி பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து வரும்.

ஒன்று நடுச்செவி, அதாவது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய காற்றறை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஊத்தேக்கியாவின் குழாய் இந்த அறையை மூக்கின் பின்பகுதியோடு இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஒடுக்கமாக, கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். தடிமன் பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைபடும், உள்ளே நீர் தேங்கும், மூக்கில் இருக்கும் கிருமி அதில் பெருகும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இது அதிகம் வருவதற்குக் காரணம் இந்த அமைப்புத்தான். குளிக்கும்போது தண்ணீர் போனதால்தான் காது குத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். செவிப்பறையில் துவாரம் இல்லாதபோது குளித்த தண்ணீர் நடுச்செவிக்குப் போகவே முடியாது. கிருமி வருவது மூக்கின் பக்கத்தால்.

மற்றது வெளிச்செவிக் குழாய், அதாவது விரல் நுழையும் பக்கம். இங்கே தண்ணீருக்குப் பங்கு உண்டு. நாள் முழுக்கக் கடலில் கிடந்து ஊறிய தோலில், அல்லது காட்டன் பட்ஸ் விட்டுக் கிண்டிக் காயமான தோலில் கிருமி பிடிக்கும். சில பிள்ளைகளுக்குப் பங்கசும் பிடிக்கும்.

நம் ஊரில் காலநிலையே பாதி விடையைச் சொல்லிவிடும். வடகீழ்ப் பருவமழை காலத்தில், வீட்டுக்கு வீடு தடிமனும் இருமலும் இருக்கும்போது வருவது பெரும்பாலும் நடுச்செவி வலி. கடல் அமைதியான மாதங்களில், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வெளியே வர மறுக்கும் காலத்தில் வருவது பெரும்பாலும் வெளிச்செவி வலி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சிறிய மேட்டை மெதுவாக அழுத்துங்கள், காது மடலை மெல்ல இழுங்கள். பிள்ளை துடித்தால் வெளிச்செவியாக இருக்க வாய்ப்பு அதிகம். தடிமனும் காய்ச்சலும் இருந்து, அழுத்தும்போது வலி கூடாவிட்டால் நடுச்செவியாக இருக்கலாம். முடிவாகச் சொல்வது வைத்தியர் கருவியால் உள்ளே பார்த்த பிறகுதான்.

இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வெளிச்செவிக்கு வேண்டியது காதுத் துளிமருந்தும், ஒரு வாரம் பத்து நாள் காதை நனைக்காமல் வைத்திருப்பதும்தான். குடிக்கும் அன்ரிபயோட்டிக் அங்கே பெரும்பாலும் தேவைப்படாது. பங்கசு என்றால் அன்ரிபயோட்டிக் துளி அதை மோசமாக்கவும் கூடும். இனி வரும் ஒப்பீடு நடுச்செவி வலியைப் பற்றியது.

அன்றிரவு என்ன கொடுப்பது

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. பரசிட்டமோல்தான். அன்ரிபயோட்டிக் கொடுத்தாலும் முதல் 24 மணி நேரத்தில் அது வலியைக் குறைக்காது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் வலி மருந்து தனியாக வேண்டும். அளவை வயதை வைத்து அல்ல, நிறையை வைத்துக் கணக்கிடுங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் இருக்கும் சாதாரணப் பாணி மருந்து என்றால், 12 கிலோ பிள்ளைக்கு 5 முதல் 7.5 மில்லிலீட்டர். போத்தலில் எழுதியிருக்கும் செறிவை ஒருமுறை பாருங்கள், குழந்தைகளுக்கான துளிமருந்தின் செறிவு வேறாக இருக்கும். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். கடைசியாக நிறுத்த நிறை பிள்ளையின் கிளினிக் அட்டையில் இருக்கும்.

மற்ற நாடுகளில் காதுவலிக்குப் பரசிட்டமோலைப் போலவே இபுபுரூபனும் பரிந்துரைக்கப்படுகிறது. இங்கே அதை வீட்டில் தானாகக் கொடுக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. காரணம் டெங்கு. இபுபுரூபன், டிக்லோபெனாக் போன்ற மருந்துகள் டெங்கு உள்ள பிள்ளைக்கு இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். 2017 இல் நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது, அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது. மழை ஓய்ந்து நுளம்பு பெருகும் காலமும் தடிமனால் காது குத்தும் காலமும் நமக்கு ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. அஸ்பிரினும் பிள்ளைகளுக்குக் கூடாது.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். உள்ளி எண்ணெய், நல்லெண்ணெய், தாய்ப்பால் எல்லாவற்றையும் அன்போடுதான் விடுகிறார்கள். ஆனால் செவிப்பறை வெடித்திருந்தால் ஊற்றியது நேரே நடுச்செவிக்குள் போய்விடும். வெடிக்காவிட்டால் கிருமி இருக்கும் இடத்தை அது எட்டவே எட்டாது. சூடு பார்க்காமல் விட்டுக் காதுக்குள் பொக்களம் வருவதும் உண்டு. வைத்தியர் உள்ளே பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் செவிப்பறையை மறைத்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. அம்மம்மாவின் மனம் நோகாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: வெதுவெதுப்பான துணியைக் காதுக்கு வெளியே ஒற்றுவது. பிள்ளையைச் சாய்ந்தபடி மடியில் வைத்திருப்பதும் உதவும். இந்த இரண்டும் உண்மையாகவே சுகம் தரும்.

உடனே அன்ரிபயோட்டிக்கா, பொறுப்பதா

இதுதான் பெரிய கேள்வி. பல நாடுகளின் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது. நடுச்செவி அழற்சி வந்த பிள்ளைகளில் சுமார் 60 வீதமானோருக்கு, அன்ரிபயோட்டிக் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், 24 மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். 20 பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் அவர்களில் ஒருவருக்குத்தான் அந்த மூன்றாம் நாளில் மேலதிக நன்மை கிடைக்கிறது. அதே மருந்தால் 14 பேரில் ஒருவருக்கு வயிற்றோட்டமோ சத்தியோ தோலில் தடிப்போ வருகிறது.

இந்தக் கணக்கை எல்லாப் பிள்ளைக்கும் பொருத்தக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்டு இரண்டு காதிலும் அழற்சி இருந்தால், நான்கு பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்குப் பலன் தெரிகிறது. காதால் சீழ் வடியும் பிள்ளைகளில் மூன்று பேருக்கு ஒருவர். ஆகவே இந்த இரு கூட்டத்துக்கும் மருந்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. காய்ச்சல் 39 பாகை செல்சியசைத் தொட்டாலும், வலி கடுமையாக இருந்தாலும், ஏற்கெனவே இரண்டு நாள் கடந்துவிட்டாலும் அப்படியே. பிளவுபட்ட அண்ணம், டவுன் நோய்க்குறி, நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் பொறுத்துப் பார்க்கும் வழி பொருந்தாது.

மற்றவர்களுக்கு, அதாவது ஒரு காதில் மட்டும், கடுமையில்லாத வலியோடு வரும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது பல நாட்டுக் குழந்தை வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட வழி. இரண்டு வயது தாண்டியிருந்தால் இரண்டு காதிலும் இலேசான அழற்சி இருந்தாலும் பொறுக்கலாம். பொறுப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. வலி மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதும், பிள்ளையைக் கவனிப்பதும், எந்த நாளில் திரும்ப வருவது என்று வைத்தியரிடம் பேசி வைத்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

இங்கே டெங்குவை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. காதுக்காக இரண்டு நாள் பொறுக்கிறோம் என்று காய்ச்சலைக் கவனிக்காமல் விடக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் காது சிவந்திருக்கிறது என்ற காரணத்தோடு திருப்திப்படாமல் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் வரக்கூடும்.

சரி, மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், நம் மாவட்டத்துக்குப் பொருத்தமானதும் அதுதான். வைத்தியர் அன்ரிபயோட்டிக்கை எழுதித் தருவார். நீங்கள் அதை வாங்கி வைத்துக்கொள்வீர்கள், ஆனால் தொடங்க மாட்டீர்கள். இரண்டு நாளில் வலி குறையாவிட்டால், அல்லது இடையில் கூடினால், சீழ் வடிந்தால் தொடங்குவீர்கள். திருகோணமலை நகருக்குள் இருப்பவர் மூன்றாம் நாள் காலையில் திரும்பப் போய்க் காட்டிவிடலாம். குச்சவெளிக்கு அப்பால், புல்மோட்டைப் பக்கம், மூதூருக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இருப்பவருக்கு, அதுவும் வெள்ளிக்கிழமை மாலை மழையோடு என்றால், திரும்ப வருவது ஒரு நாள் கூலியும் பஸ் காசும். கையில் மருந்து இருந்தால் அந்தப் பயம் இல்லாமல் பொறுக்கலாம். நம் ஊர்த் தனியார் வைத்தியர்கள் பலர் மருந்தையும் தாங்களே தருவதால் இந்த வழி தானாக வராது. கேட்டுப் பெற வேண்டும். “இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா டொக்டர்? என்ன கண்டால் உடனே தொடங்க வேண்டும்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காதுக்கு வழக்கமாக எழுதும் பெனிசிலின் வகை அன்ரிபயோட்டிக்கான அமொக்சிசிலின், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தூளாக, தண்ணீர் கலக்க வேண்டிய போத்தலாக வரும். கலந்த பிறகு அதன் ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான். எனவே தொடங்குவது என்று முடிவெடுக்கும் வரை கலக்காமல் வையுங்கள், பாமசியில் கலந்து தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கலக்கும்போது கொதித்தாறிய நீர், குறியிட்ட அளவு வரை. போன முறை கலந்து மிஞ்சியதைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். அது கெட்டிருக்கும், அல்லது போதாமல் இருக்கும். காதுக்குச் சில வழிகாட்டிகள் கிலோவுக்கு நாளொன்றில் 80 முதல் 90 மில்லிகிராம் என்று வழக்கத்தைவிடக் கூடிய அளவைச் சொல்கின்றன. தம்பிக்கு வாங்கிய தொண்டை மருந்து அக்காவின் காதுக்குக் கணக்கில் வராது. தொடங்கினால் வைத்தியர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 10 நாள் என்றும், பெரிய பிள்ளைகளுக்கு 5 முதல் 7 நாள் என்றும் சொல்வது வழக்கம். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே காட்டுவது

பாமசியில் கேட்டு வாங்குவது வேகமானது, மலிவாகவும் தெரியும். ஆனால் அங்கே யாரும் காதுக்குள் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதில்தான் நிற்கின்றன. காதுத் துளிமருந்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஜென்டமைசின், நியோமைசின் சேர்ந்த சில துளிகள் துவாரம் விழுந்த செவிப்பறை வழியாக உட்செவிக்குப் போனால் கேட்கும் திறனையே பாதிக்கலாம். சீழ் வடியும் காதுக்குத் துளி வேண்டுமென்றால் சிப்ரொபுளொக்சசின் வகையைத்தான் வைத்தியர் தேர்வார். பரசிட்டமோல் வாங்கப் பாமசி போதும். மற்றதற்கு வேண்டாம்.

தனியார் வைத்தியரா, அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவா என்பது காசும் நேரமும் சார்ந்த தெரிவு. பெரியாஸ்பத்திரியில் காத்திருப்பு உண்டு, ஆனால் பார்ப்பதும் மருந்தும் இலவசம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் மக்களுக்கு அவரவர் ஊர் வைத்தியசாலையே முதல் இடமாக இருக்கலாம், சாதாரணக் காதுக்குத்துக்காக மாவட்டப் பொது வைத்தியசாலை வரை வர வேண்டியதில்லை. நேராகக் காது மூக்கு தொண்டை நிபுணரைச் சனல் பண்ணுவது முதல் தடவைக் காதுவலிக்குத் தேவையில்லாத செலவு. ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு தடவை வந்தால் அப்போது அவரிடம் போவது நியாயம்.

காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளினால், கழுத்து விறைத்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், பிள்ளை தள்ளாடினாலோ எழுப்ப முடியாமல் தூங்கினாலோ எந்த ஒப்பீடும் வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சீழ் வடிந்தால்

திடீரென்று காதால் மஞ்சளாக வடிந்து, அதோடு பிள்ளை அமைதியாகித் தூங்கிவிடும். செவிப்பறை வெடித்து அழுத்தம் குறைந்ததால் வலி போனது. பெற்றோர் பயந்துபோவார்கள். பெரும்பாலான துவாரங்கள் சில வாரங்களில் தானாக மூடிவிடும். அதுவரை தண்ணீர் போகக் கூடாது. குளிப்பாட்டும்போது பஞ்சில் வாசலின் பூசிக் காதுவாயில் வையுங்கள், கடலும் குளமும் வேண்டாம். பஞ்சை உள்ளே அடைத்தே வைத்திருப்பதைவிட, மெல்லிய சுத்தமான துணியைத் திரியாக முறுக்கி வைத்து, நனைந்ததும் மாற்றி, காய்ந்து வரும்வரை ஒரு நாளில் மூன்று தடவை செய்வது நல்லது.

இரண்டு வாரம் கடந்தும் வடிந்தால் அது நாட்பட்ட நோயின் வாசல். “காது ஒழுகுற பிள்ளை” என்று சொல்லி வருடக்கணக்கில் பழகிப்போன வீடுகள் இருக்கின்றன. வலி இல்லாததால் யாரும் அவசரப்படுவதில்லை. அந்தப் பிள்ளை கேட்கும் திறனை மெல்ல இழக்கிறது. நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டிய நிலை இது.

வலி போன பிறகு தேங்கும் நீர்

வலியும் காய்ச்சலும் போனாலும் நடுச்செவியில் நீர் சிலகாலம் நிற்கும். ஒரு மாதத்துக்குப் பிறகும் சுமார் 40 வீதமான பிள்ளைகளுக்கு அது இருக்கும், மூன்று மாதத்தில் சுமார் 10 வீதமாகக் குறையும். இந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, முன்பள்ளியில் கவனமில்லை என்பார்கள். குழப்படி என்று அதட்டும் முன் காதை நினைக்க வேண்டும்.

இங்கேயும் இரண்டு வழிகள்: காத்திருப்பது, அல்லது செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது. அன்ரிபயோட்டிக்கோ தடிமன் மாத்திரைகளோ இந்த நீரை வற்றச் செய்வதில்லை, அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மூன்று மாதம் காத்திருந்து, பிறகும் நீர் நின்று, கேள்விப் பரிசோதனையில் இரண்டு காதும் குறைவாகக் காட்டினால் குழாய் வைப்பதைப் பற்றி நிபுணரோடு பேசலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறிய சத்திரசிகிச்சை அது. குழாய் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிந்தி, தானாகவே விழுந்துவிடும். பேச்சு ஏற்கெனவே பிந்தியிருக்கும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டுவது நல்லது.

காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையை வகுப்பில் முன்வரிசையில் இருத்தச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். முகத்துக்கு நேரே நின்று கதையுங்கள். பாற்போத்தலைப் படுக்கவைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்குள் சிகரட் புகை வேண்டவே வேண்டாம், அடுப்புப் புகை நிற்கும் சமையலறையில் குழந்தையை வைத்திருக்கவும் வேண்டாம். மூன்றாம் மாதம் முடியும்போது எந்த வைத்தியர் பார்த்தாரோ அவரிடமே திரும்பக் கொண்டுபோய், இரண்டு காதையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.